நின்ற இடத்தில் சாயும் கனமான டூரிங் வண்டி: ஏன் விழுகிறது, எப்படித் தூக்குவது

நெடுவழி
நூறில் போகும்போது ராஜா மாதிரி நிற்கும் வண்டி, பெட்ரோல் பங்க்கில் திரும்பும்போது பொத்தென்று சாய்கிறது. சூப்பர் மீட்டியர் 650 என்றால் 241 கிலோ, பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் அட்வென்ச்சர் 268 கிலோ, கோல்ட் விங் டூர் 380 கிலோவுக்கும் மேல். பெட்டி, சாமான், பின்னால் ஆள் எல்லாம் சேர்ந்தால் கணக்கே வேறு. இந்த இழையில் மூன்று விஷயம் பேசலாம்: எதனால் விழுகிறது, விழும் அந்த நொடியில் என்ன செய்வது, விழுந்த பிறகு முதுகு போகாமல் எப்படித் தூக்குவது. "பார்த்து ஓட்டுங்க" என்ற அளவில் நிற்காமல், செய்து பார்க்கக்கூடியதாக எழுதுங்கள்.

பின்பிரேக்
முதல் காரணம் வலது கையின் இரண்டு விரல். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடுவதுதான் பெரும்பாலான விழுகைக்குக் காரணம். மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

ஹேண்டிலை இடதுபக்கம் முழுக்கத் திருப்பி மெதுவாகப் போகிறீர்கள் என்று வையுங்கள். முன் சக்கரம் முன்னும் இடதுமாகப் பார்த்து நிற்கிறது. அப்போது முன் பிரேக் பிடித்தால் தரை அந்த டயரைப் பின்னாலும் வலதுபக்கமும் தள்ளும். டயர் அடியில் வலதுபக்கம் தள்ளப்பட்டால் வண்டியின் மேல்பாகம் எங்கே போகும்? இடதுபக்கம், அதாவது ஏற்கெனவே சாய்ந்திருக்கும் பக்கம். சக்கரம் 40 டிகிரி திரும்பியிருந்தால் பிரேக் விசையில் ஏறத்தாழ 64 சதவீதம் பக்கவாட்டில் வேலை செய்கிறது. பின் பிரேக் வண்டியின் நீளவாட்டில் மட்டுமே இழுப்பதால் இந்தத் தள்ளல் அதில் இல்லை.

இன்னொரு விளைவும் கூடவே நடக்கிறது. 3 மீட்டர் ஆரத்தில் 10 கி.மீ. வேகத்தில் வட்டம் போட்டால் சமநிலைக்கு ஏறத்தாழ 15 டிகிரி சாய்வு வேண்டும். அந்தச் சாய்வைத் தாங்கிப் பிடிப்பது வேகம்தான். பிரேக் பிடித்தோ என்ஜின் ஆஃப் ஆகியோ வேகம் சட்டென்று போனால், 15 டிகிரி சாய்ந்த வண்டி ஆதாரமில்லாமல் நிற்கும். அதனால் யூ டர்ன் நடுவில் என்ஜின் அணைவதும் முன் பிரேக் பிடிப்பதும் ஒரே மாதிரிதான் முடியும்.

ஆகவே விதி இரண்டே. ஹேண்டில் நேராக இல்லாவிட்டால் வலது கை விரல்கள் நான்கும் ஆக்சிலேட்டரில் இருக்கட்டும், பிரேக் லீவரில் ஒன்றுகூட வேண்டாம். நிற்க வேண்டுமானால் முதலில் ஹேண்டிலை நேராக்குங்கள், பிறகு நில்லுங்கள்.

தார்ச்சாலை
@பின்பிரேக் அண்ணே, ஒரு சந்தேகம். சில பெரிய வண்டிகளில் இரண்டு பிரேக்கும் இணைந்தே வருகிறதே. கோல்ட் விங்கில் கால் பிரேக்கை மிதித்தால் முன்பக்கமும் சேர்ந்து பிடிக்குமே?

பின்பிரேக்
சரியான கேள்வி தம்பி. வண்டிக்கு வண்டி மாறும். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ்ஸில் கை லீவர் இரண்டையும் பிடிக்கும், கால் பெடல் பின்பக்கத்தை மட்டும் பிடிக்கும், நமக்கு வசதி. ஹார்லியின் பெரிய டூரிங் வண்டிகளில் வேகம் குறைந்ததும் இணைப்பு தானாகவே விலகிவிடும். காலால் மிதித்தால் முன்பக்கமும் வேலை செய்கிற வண்டியில் பெடலை வெறும் தொடுகையாகத்தான் வைக்க வேண்டும், அதாவது பிரேக் பேட் டிஸ்க்கை உரசுகிற அளவு. வாங்கிய அன்றே காலியான இடத்தில் நேர்கோட்டில் போய், பெடலை மட்டும் லேசாக மிதித்து முன் ஃபோர்க் அமுங்குகிறதா என்று பாருங்கள். அமுங்கினால் உங்கள் வண்டி இணைந்த வகை.

மெதுவாக ஓட்டுவதற்கு மூன்றும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஆக்சிலேட்டர் ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே, அசையாமல். கிளட்ச் பாதி, அதாவது கடிக்கத் தொடங்கும் இடத்துக்கும் முழுதாகப் பிடிக்கும் இடத்துக்கும் நடுவில். பின் பிரேக் லேசான இழுவையில். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கிளட்ச் லீவரை அரை சென்டிமீட்டர் அசைத்தால் போதும், ஆக்சிலேட்டரைத் திறந்து மூட வேண்டாம். பின் பிரேக் எதிர்த்து இழுக்க என்ஜின் முன்னே தள்ள, செயின் அல்லது ஷாஃப்ட் இறுக்கமாகவே இருப்பதால் வண்டி தூக்கிப் போடாது.

என்ஜின் ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்ச் இந்த வேலையைத் தாங்கும். 2013க்கு முந்தைய ஜிஎஸ் போன்ற உலர் கிளட்ச் வண்டியில் நீண்ட நேரம் பயிற்சி செய்யாதீர்கள். கருகிய வாடை வந்தால் இறங்கி ஆறவிடுங்கள். டிசிடி, அதாவது கிளட்ச்சைத் தானே இயக்கிக்கொள்ளும் இரட்டைக் கிளட்ச் வண்டியில் கிளட்ச் லீவரே இல்லை. அங்கே ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் பிடித்து, வேகம் முழுவதையும் பின் பிரேக்கால்தான் ஆள வேண்டும். டிசிடியில் பலர் செய்வது திருப்பத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிடுவது. மூடினால் கிளட்ச் விலகும், தள்ளும் விசை போய்விடும், வண்டி உள்பக்கம் சாயும்.

குட்டைக்கால்
890 மி.மீ. சீட் உயர வண்டியில் இரண்டு காலும் முழுதாக எட்டாதவர்கள் என்ன செய்வது? சீட்டைச் சுரண்டி, சஸ்பென்ஷனை இறக்குவதுதான் வழியா?

இரட்டைச்சிலிண்டர்
சீட் நுரையைக் கொஞ்சம் குறைப்பதில் தவறில்லை. நடு உயரத்தைவிட முன்பக்க அகலத்தைக் குறைப்பது அதிகம் உதவும், கால் நேராகக் கீழே இறங்கும். சஸ்பென்ஷனை இறக்கினால் சைடு ஸ்டாண்டையும் அதே கணக்கில் குட்டையாக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டாண்டில் வண்டி கிட்டத்தட்ட நேராக நிற்கும், காற்று தள்ளினால் வலதுபக்கம் போய் விழும்.

ஆனால் இரண்டு கால் தேவையே இல்லை. ஒரு கால் போதும், அது முழுதாக ஊன்ற வேண்டும். நிற்கப்போகும் இடத்தைப் பத்து மீட்டர் முன்னாலேயே பாருங்கள். எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம்? மேட்டுப் பக்கக் காலை ஊன்றுங்கள். வழக்கமாக இடது கால்தான், வலது கால் பின் பிரேக்கில் இருக்கும். இடதுபக்கம் சாலை ஓரம் சரிந்திருந்தால் நடுப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். ஊன்றும் பக்கம் இடுப்பைச் சீட்டில் சற்று நகர்த்தினால் கால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக எட்டும்.

நம்ம ஊரில் கால் வழுக்கும் இடங்கள் தெரிந்தவைதான். பங்க்கில் டீசல் பம்ப் பக்கம் சிந்திய எண்ணெய், டோல்கேட் இடது ஓரத்து டூவீலர் வழியில் சேர்ந்திருக்கும் மணல், மழைக்குப் பின் வெள்ளைக் கோடு, ஓட்டல் வாசல் ஜல்லி, கோயில் முன் போட்ட கிரானைட் கல்.

இனி விழும் நொடி. இதற்குக் கணக்கு போட்டால்தான் புரியும். 260 கிலோ வண்டி, எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ., ஹேண்டில் பிடி ஒரு மீட்டருக்குச் சற்று மேல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தோராயமாக, சாய்வைப் பிடித்து நிறுத்தக் கையில் வேண்டிய பலம்:

5 டிகிரி — 13 கிலோ
10 டிகிரி — 26 கிலோ
15 டிகிரி — 38 கிலோ
20 டிகிரி — 51 கிலோ
30 டிகிரி — 74 கிலோ

இது அசையாமல் நிற்கும் வண்டிக்கு. விழுந்துகொண்டிருக்கும் வண்டியை நிறுத்த இதைவிட அதிகம் வேண்டும். 10 டிகிரிக்குள் என்றால் பிடியுங்கள், கால் ஊன்றித் தள்ளுங்கள். 20 தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். அந்த நிலையில் பிடித்துத் தொங்குபவருக்கு முதுகுத்தண்டு வட்டு, முழங்கால் தசைநார், தோள்பட்டை மூன்றில் ஒன்று போகும்.

பெட்டி மாட்டிய வண்டியில் ஓடும்போதே காலைத் தொங்கவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கால் தரையில் மாட்டி, வண்டி முன்னே நகர, பக்கப்பெட்டி பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலை அழுத்தும். கணுக்கால் முறிவு இப்படித்தான் வருகிறது. வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்வரை கால் ஃபுட்ரெஸ்டில், நின்ற பிறகு தரையில்.

காவிரிக்கரை
எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியை "விட்டுவிடுங்கள்" என்று சொல்வது சுலபம். ஒரு சைடு பேனல் விலை தெரியுமா? பிடித்துப் பார்ப்பதில் என்ன தவறு?

ஸ்பேனர்_14
அண்ணே, நின்ற இடத்துல விழுந்த வண்டிக்கு என்ன போகும்னு சொல்றேன், நீங்களே கணக்குப் போடுங்க. கிளட்ச் அல்லது பிரேக் லீவர் ஒண்ணு, கண்ணாடி ஒண்ணு, ஹேண்டில் பார் முனை வெயிட், இண்டிகேட்டர், கியர் பெடல் வளைவு, கிராஷ் கார்டுல கீறல். கார்டு இருந்தா பெரும்பாலும் அவ்வளவுதான். முழங்கால் தசைநார் அறுந்தா ஆபரேஷன், அதுக்கப்புறம் பல மாசம் வண்டி ஷெட்ல நிக்கும். பேனல் வாங்கலாம், முழங்கால் கடையில கிடைக்காது.

விடுறதுன்னா தூக்கி எறியுறது இல்ல. ஹேண்டிலைப் பிடிச்சபடியே வேகத்தைக் குறைச்சு இறக்கணும், கால் ரெண்டும் வண்டிக்கு வெளியே வந்துடணும். கார்டு தரையில உக்காரும்.

லீவர் உடையாம இருக்க ஒரு வேலை இருக்கு. லீவர் பிராக்கெட்டை ஹேண்டில்ல இறுக்குற போல்ட்டை முழு இறுக்கம் வைக்காதீங்க. பிராக்கெட்டுக்கு அடியில பிளம்பர் வெள்ளை டேப்பை ரெண்டு சுத்து சுத்தி, ஓட்டும்போது நகராத, ஆனா கையால பலமா அடிச்சா சுழலுற அளவுக்கு இறுக்குங்க. விழும்போது லீவர் உடையுறதுக்குப் பதில் சுழலும். டூர் போறப்ப ஸ்பேர் கிளட்ச் லீவர், பிரேக் லீவர் ஒவ்வொண்ணு, அதுக்கான போல்ட், ஸ்பேனர் சீட்டுக்கடியில இருக்கணும். ரெண்டும் சேர்ந்து கால் கிலோகூட வராது.

காரவள்ளி70
மலைப்பாதை பற்றி யாரும் சொல்லவில்லை. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. அதில் ஆபத்து வலது வளைவில் இல்லை, ஏறும்போது வரும் இடது வளைவில்தான். நாம் இடதுபக்கம் ஓட்டுவதால் இடது வளைவில் நமக்குக் கிடைப்பது உள்வட்டம். ஆரம் குறைவு, ஏற்றம் அங்கேதான் செங்குத்து, உள்பக்கம் தாழ்வு. அங்கே என்ஜின் ஆஃப் ஆனால் இடது கால் தேடும் தரை இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே இருக்கும்.

வளைவுக்கு முன்பே முதல் கியர். வளைவுக்குள் போய்க் கியர் மாற்ற வேண்டாம், நியூட்ரலில் விழுந்தால் கதை முடிந்தது. மேலிருந்து பஸ்ஸோ லாரியோ வருகிறதா என்று ஹாரன் அடித்துப் பாருங்கள். பெரிய வண்டி வந்தால் வளைவுக்கு முன்னால், சாலை நேராக இருக்கும் இடத்தில் நின்று விடுங்கள். வளைவுக்குள் நின்று வழிவிடுவது தற்கொலை. வழி காலி என்றால் தெரிகிற அளவுக்கு மட்டும் நடுக்கோட்டுப் பக்கம் அகலமாக நுழைந்து, தலையைத் திருப்பி வெளியேறும் இடத்தைப் பாருங்கள். முன் சக்கரத்தைப் பார்த்தால் முன் சக்கரம் இருக்கும் இடத்திலேயே விழுவீர்கள்.

ஏற்றத்தில் நின்று மறுபடி கிளம்புவது: வலது கால் பின் பிரேக்கில், இடது கால் தரையில், கிளட்ச்சைக் கடிக்கும் இடம்வரை விடுங்கள், பின்பக்கம் லேசாக அமுங்கும், அப்போது ஆக்சிலேட்டர், அதற்குப் பிறகுதான் பிரேக்கை விடுவது. ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிரேக்கைப் பிடித்து வைக்கும் ஹில் ஹோல்டு வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

சாலை அகலமும் ஒரு கணக்கு. இருவழிச் சாலை 7 மீட்டர், மலையில் நிறைய இடம் 5.5 மீட்டர், ஊர்ச்சாலை 3.75. ஐந்தரை மீட்டரில் சுமையோடு ஒரே மூச்சில் யூ டர்ன் முயல வேண்டாம். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் அகலமான இடத்தில் திரும்புங்கள்.

தார்ச்சாலை
நிறுத்திய வண்டி தானாக விழுவதையும் சேர்த்துக்கொள்ளலாமா? சித்திரை வெயிலில் தாரில் சைடு ஸ்டாண்ட் புதைந்து விழும் வண்டிகள் குறைவில்லை.

இரட்டைச்சிலிண்டர்
சேர்க்க வேண்டியதே. ஸ்டாண்டின் அடிப்பாகம் இரண்டு விரல் அகலம், அதில் இறங்குவது பல பத்து கிலோ. உள்ளங்கை அளவு இரும்புத் தகடோ தட்டையான கல்லோ அடியில் வைத்தால் போதும். அகலமான அடித்தகடு போல்ட் போட்டு மாட்டிக்கொள்வது இன்னும் நல்லது.

இறக்கத்தில் முன்பக்கம் கீழே பார்க்க நிறுத்தினால், வண்டி ஒரு சாண் உருண்டாலே ஸ்டாண்ட் பின்னே மடங்கிவிடும். முன்பக்கம் மேட்டைப் பார்க்க நிறுத்தி, முதல் கியரில் விடுங்கள். வலதுபக்கம் சரிந்த சாலையில் சைடு ஸ்டாண்ட் போடவே கூடாது. கிளம்பும்போது டிஸ்க் லாக்கை மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. லாக்கிலிருந்து கிளட்ச் லீவருக்கு ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் மறக்காது.

பின்னால் ஏறுபவருக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஓட்டுபவர் இரண்டு காலையும் ஊன்றி, ஹேண்டிலை நேராக வைத்து, முன் பிரேக்கைப் பிடித்து "ஏறுங்க" என்று சொன்ன பிறகே ஏற வேண்டும். ஃபுட்ரெஸ்டில் காலை வைத்து வெளியே தொங்கினால் அவர் எடை முழுவதும் இடதுபக்கம் இழுக்கும். ஓட்டுபவர் தோளைப் பிடித்து, உடலை வண்டியோடு ஒட்டி, உயரே எழும்பி உட்கார வேண்டும். சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது இருவரும் ஏறி உட்காருவதை ஸ்டாண்ட் தாங்காது.

நெடுவழி
நல்லது. இனி தூக்கும் முறை. ஒருவரே 260 கிலோ தூக்க முடியுமா?

பின்பிரேக்
முடியும், கையால் தூக்காவிட்டால். தொடையும் பின்புறமும்தான் தூக்க வேண்டும்.

விழுந்ததும் முதலில் சாலையைப் பாருங்கள், வண்டியை அல்ல. பின்னால் வரும் வாகனம் நிற்கிறதா? கூட வந்தவர் நூறு அடி பின்னால் போய்க் கை காட்டட்டும். அடுத்து என்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச், பிறகு சாவி. பெட்ரோல் வாடை அடித்தால் பக்கத்தில் நிற்கும் பீடிக்காரரை விலகச் சொல்லுங்கள். மூச்சு சீராகட்டும். வெட்கத்தில் அவசரப்பட்டுத் தூக்கும்போதுதான் முதுகு பிடிக்கிறது.

வண்டி வலதுபக்கம் விழுந்திருந்தால், தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை வெளியே எடுத்துவிடுங்கள். தூக்கியபின் மறுபக்கம் சாய்ந்தாலும் ஸ்டாண்டில் உட்காரும். இடதுபக்கம் விழுந்திருந்தால் ஸ்டாண்ட் அடியில் மாட்டியிருக்கும். நிமிர்த்திய பிறகு குதிகாலால் தட்டி எடுக்க வேண்டும். முதல் கியர் போடுங்கள், உருளாமல் இருக்க. கியர் விழவில்லையென்றால் பின் டயரைக் கையால் சற்றே அசைத்துக்கொண்டு போடுங்கள். அப்படியும் முடியாவிட்டால் முன் பிரேக் லீவரை ஒரு வார் அல்லது ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். பெட்டி கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், டேங்க் பேக்கையும்.

ஹேண்டிலை விழுந்த பக்கமே முழுக்கத் திருப்புங்கள், முன் டயரின் முனை தரையைப் பார்க்கும்படி. அப்போது கீழே உள்ள பிடி டேங்க்குக்கு அருகில் வரும். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, சீட்டின் விளிம்பில் பின்புறத்தின் கீழ்ப்பகுதியை அழுத்துங்கள். ஒரு கை அந்தப் பிடியில், மற்றக் கை பின்னால் உறுதியான இடத்தில்: ஃபிரேம், கிராப் ரெயில், பெட்டி மாட்டும் இரும்பு. பிளாஸ்டிக் பேனலையும் இண்டிகேட்டரையும் பிடிக்க வேண்டாம், கையோடு வந்துவிடும். கை இரண்டும் நீட்டியபடி, முதுகு நேராக, தலை நிமிர்ந்து, பாதம் இரண்டும் அகலமாக. இனி பின்னோக்கிச் சிறு சிறு அடியாக நடங்கள். ஒவ்வொரு அடிக்கும் பின்புறம் சீட்டைத் தள்ள வேண்டும். முதல் ஒரு அடி உயரம்தான் கடினம், பாதி தூரம் தாண்டினால் எடை சட்டென்று குறையும். அந்த இடத்தில்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் மறுபக்கம் தள்ளிவிடுவீர்கள்.

இரண்டு பேர் என்றால் இருவரும் ஒரே பக்கம்: ஒருவர் ஹேண்டில், ஒருவர் பின்பக்க ஃபிரேம். மூன்றாமவர் மறுபக்கம் நின்று வண்டி தாண்டி வராமல் பார்த்துக்கொள்ளட்டும்.

காவிரிக்கரை
சிலர் ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்பி, முகத்தை வண்டிப் பக்கம் வைத்து, இரண்டு கையாலும் தூக்குகிறார்களே?

பின்பிரேக்
அது உயரமான அட்வென்ச்சர் வண்டிக்கு உதவும் இன்னொரு முறை. குந்தி உட்கார்ந்து எழும் தசைப் பழக்கம் உள்ளவர் செய்யலாம். தாழ்ந்த ஹேண்டில் உள்ள குரூயிசருக்கும், முதுகுவலி உள்ளவருக்கும் முதுகைக் காட்டித் தள்ளுவதே பாதுகாப்பு. இரண்டையும் கலந்து பாதி திரும்பிய உடம்போடு தூக்குவதுதான் கெடுதல். இடுப்பு முறுக்கியிருக்கும்போது சுமை ஏறக்கூடாது.

காரவள்ளி70
சரிவில் விழுந்தால் ஒன்று கவனியுங்கள். சக்கரங்கள் மேட்டுப் பக்கமும் ஹேண்டில், சீட் பள்ளத்துப் பக்கமும் இருந்தால் தனியாளாகத் தூக்க முயலாதீர்கள். வண்டி படுக்கைக்கும் கீழே போயிருக்கும். கிராஷ் கார்டையே அச்சாக வைத்து, பின்பக்கத்தை இழுத்து இழுத்து வண்டியைத் திருப்புங்கள், சக்கரம் பள்ளத்துப் பக்கம் வரும்வரை. கீறல் விழும், விழட்டும். அதன்பின் சரிவே உங்களுக்குப் பாதி வேலை செய்யும். ஆனால் நிமிர்ந்ததும் பள்ளத்துப் பக்கம் ஓட்டமாய்ப் போகும், அங்கே ஆளோ ஸ்டாண்டோ கட்டாயம்.

ஸ்பேனர்_14
தூக்கிட்டீங்க. உடனே செல்ஃப் அடிக்காதீங்க.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி பெரும்பாலானதுல சாய்வு சென்சார் இருக்கும். விழுந்ததும் பெட்ரோல் பம்ப்பையும் ஸ்பார்க்கையும் வெட்டிடும். சாவியை ஆஃப் பண்ணி, சில வினாடி விட்டு, மறுபடி ஆன் பண்ணாத்தான் ரீசெட். இது தெரியாம பேட்டரி இறங்குற வரைக்கும் செல்ஃப் அடிக்கிறவங்க நிறைய.

படுத்தே கிடந்த வண்டியில ஆயில் போகக்கூடாத இடத்துக்குப் போகும். ஏர் ஃபில்டர் இருக்குற ஏர் பாக்ஸுக்குப் போகும். ஜிஎஸ், கோல்ட் விங் மாதிரி படுத்த சிலிண்டர் வண்டியில கீழ்ப்பக்கச் சிலிண்டருக்குள்ள ரிங்கைத் தாண்டி இறங்கலாம். ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தூக்கிட்டா பயமில்ல. நேரமாச்சுன்னா நேரா நிறுத்தி அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, ஆயில் அளவு பாருங்க. ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் நீலப் புகை வரும், அது எரிஞ்சு போற ஆயில், தானா நிக்கும். ஆனா செல்ஃப் அடிக்கும்போது "டக்"னு ஒரே சத்தம் வந்து என்ஜின் சுத்தாம நின்னா, மறுபடி அடிக்காதீங்க. சிலிண்டருக்குள்ள திரவம் தேங்கியிருக்கு. அழுத்த முடியாத திரவத்தை பிஸ்டன் அழுத்தினா கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, என்ஜினைச் சுத்தவிட்டு வெளியேத்தணும்.

கிளம்புறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது: ஆக்சிலேட்டர் விட்டதும் தானா மூடுதா? பார் முனை உள்ள தள்ளப்பட்டா பிடி மாட்டிக்கும், இது உயிருக்கே ஆபத்து. ஹேண்டில் இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் தடையில்லாம திரும்புதா? ரெண்டு பிரேக்கும் கெட்டியா இருக்கா? கிளட்ச் கவர், ரேடியேட்டர், கார்டு போல்ட் பக்கத்துல ஈரம் இருக்கா? பெட்டி லாக் கெட்டியா இருக்கா?

நேரா போகும்போது ஹேண்டில் கோணலா இருந்தா பார் வளைஞ்சிருக்கணும்னு இல்ல. பல நேரம் ஃபோர்க் ரெண்டும் கிளாம்ப்புக்குள்ள முறுக்கிக்கிட்டிருக்கும். கீழ் கிளாம்ப் போல்ட்டையும் ஆக்சில் கிளாம்ப்பையும் தளர்த்தி நேராக்கி, மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு, அதாவது இறுக்க அளவுக்கு, இறுக்கினா சரியாகிடும். பட்டறையில பண்றது நல்லது.

கவர்ல மயிரிழை விரிசலா? பெட்ரோல் தொட்ட துணியில ஆயில் சுத்தமா போகத் துடைச்சு, காஞ்சதும் ரெண்டு பகுதியா வர்ற எபாக்ஸி பசையைப் பிசைஞ்சு அப்புங்க. கெட்டியாகுற வரைக்கும் காத்திருந்து, ஆயில் அளவு பாத்துக்கிட்டே பக்கத்து ஊர் வரைக்கும் போகலாம். அதோட நிறுத்திக்கணும்.

நகோயா_சாலை
ஜப்பானில் பெரிய பைக் லைசென்ஸ் தேர்வைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே மெதுவாக ஓட்டுவதையும் சோதிக்கிறார்கள். 15 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் உள்ள பலகை போன்ற மேடையில் ஏறி, 10 வினாடிக்குக் குறையாமல் கடக்க வேண்டும். அதாவது மணிக்கு 5.4 கி.மீ., நடை வேகம். கீழே இறங்கினால் தேர்வு அங்கேயே முடிந்தது. ஓட்டுநர் பள்ளிகளில் படுத்த வண்டியைத் தூக்கி நிறுத்துவதும் பாடத்தில் உண்டு. பிரிட்டனிலும் தேர்வின் முதல் பகுதியில் எட்டு வடிவம், மெதுவான ஓட்டம், 7.5 மீட்டர் இடைவெளிக் கோடுகளுக்குள் யூ டர்ன் எல்லாம் இருக்கிறது.

நம் மைதானத்திலேயே இதைச் செய்யலாம். சாக்பீஸால் 15 மீட்டருக்கு இரண்டு கோடு, நடுவே 30 செ.மீ. முதலில் 7 வினாடி, பிறகு 10. அது கைவந்ததும் 10 மீட்டர் விட்டத்தில் வட்டம், இரண்டு பக்கமும். நாளுக்கு நாள் அரை மீட்டர் குறையுங்கள். வட்டத்தில் வண்டியை உள்ளே சாய்த்து, உடம்பை வெளிப்பக்கச் சீட்டு விளிம்புக்கு நகர்த்துங்கள். பெட்டியைக் கழற்றிவிடுங்கள், கிராஷ் கார்டில் பழைய டியூப் சுற்றுங்கள்.

ஸ்பேனர்_14
பயிற்சிக்கு முன்னாடி முன் டயர் காத்து பாருங்க. காத்து கம்மின்னா மெதுவா போகும்போது ஹேண்டில் கனமா உள்ள விழும். வண்டியை சென்டர் ஸ்டாண்ட்ல போட்டு, முன்பக்கத்தை உயர்த்தி, ஹேண்டிலை மெதுவா திருப்புங்க. நடுவுல லேசா மாட்டி நிக்குற மாதிரி இருந்தா ஸ்டியரிங் பேரிங் குழி விழுந்திருக்கு. அந்த பேரிங்கோட யாராலயும் நேரா மெதுவா ஓட்ட முடியாது. கேபிள் கிளட்ச்னா லீவர் அடியில 2-3 மி.மீ. ஆட்டம் இருக்கணும்.

தார்ச்சாலை
கிராஷ் கார்டு எது நல்லது? சந்தையில் கனமானது, மெல்லியது, விழும்போது தரையில் உரசும் குமிழ் மாதிரியான வெறும் ஸ்லைடர் என்று எல்லாம் இருக்கிறது.

இரட்டைச்சிலிண்டர்
குழாய் தடிமனைவிட எங்கே மாட்டுகிறது என்பதுதான் முக்கியம். இரண்டு மூன்று இடத்தில் ஃபிரேமில் பிடிக்கும் கார்டு அடியைப் பரப்பிவிடும். என்ஜின் கேஸில் ஒரே போல்ட்டில் தொங்கும் கார்டு, அடி வாங்கினால் அந்தக் கேஸையே பிளக்கும். நீண்டு நிற்கும் ஸ்லைடரும் நெம்புகோல் மாதிரி போல்ட்டை வளைக்கும். கார்டு போட்ட வண்டி தரையில் முழுதாகப் படுக்காமல் சாய்ந்தே நிற்க வேண்டும். அப்போதுதான் தூக்கும் தூரமும் குறையும், காலும் அடியில் மாட்டாது. பின்பெட்டிக்கும் கீழே ஒரு வளையம் இருந்தால் இரண்டு முனையிலும் தாங்கும். ஒரு முறை விழுந்த பிறகு போல்ட் எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள், வளைந்ததை மறுபடி போடாதீர்கள்.

குட்டைக்கால்
கடைசியாக ஒன்று. வளைந்த கியர் பெடலைச் சாலையிலேயே நிமிர்த்தலாமா?

ஸ்பேனர்_14
இரும்பு பெடல்னா வண்டியிலேர்ந்து கழட்டி, குழாய் மாட்டி நிமிர்த்துங்க. வண்டியில வச்சே நெம்பினா கியர் ஷாஃப்ட் வளையும், அப்புறம் கவர் பிரிக்கணும். அலுமினியம்னா சூடு இல்லாம நிமிர்த்தினா உடையும். கால் படுற அளவுக்குக் கொஞ்சம் மட்டும் திருப்பி, கியர் மாத்த முடிஞ்சா அப்படியே ஊருக்குப் போய் புதுசு போடுங்க. லிங்க் ராடு உள்ள வண்டியில ராடு நட்டைத் தளர்த்தி உயரத்தைச் சரி பண்ணினாலே பாதி நேரம் நிமிர்த்தத் தேவையிருக்காது.